மனுவேலின் அளவு

"தம்பி, கையை எடும்."

மனுவேல் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அவன் மனைவி யூலியானா, திருவுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

விறாந்தையில் பாயில் இருந்த அன்ரனிட்டாவின் முன்னால் முழந்தாளிட்டிருந்தான் நிரோஜன். அளவு நாடாவின் நுனியை அவளுடைய இடுப்புக்குக் கிட்டப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. கைகோர்ப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவன். சக்கர நாற்காலிக்கு அளவெடுக்கவென்று காலைப் படகில் நெடுந்தீவுக்கு வந்தவன். கடல் கொஞ்சம் குழப்பம். முகத்தில் வாந்திக் களை இன்னும் போகவில்லை.

"அவள் கலியாணம் கட்டாத பொம்பிளை," என்றான் மனுவேல். "இடுப்பை அளக்கிறது, துடையை அளக்கிறது எண்டெல்லாம் இஞ்சை சரிவராது. நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

அந்தக் கலியாணம் கட்டாத பொம்பிளைக்கு நாற்பத்தொரு வயது. தலையில் பாதி நரை. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"அளக்கட்டும் அண்ணை. எனக்கொண்டும் இல்லை."

"நீ சும்மா இரு பிள்ளை. நாங்கள் கதைக்கிறம்தானே."

நிரோஜன் கதிரையில் இருந்த தன் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். "மிஸ், அப்ப நீங்கள் அளக்கிறீங்களோ?"

பிரியவதனி பதறிப்போய் நாடாவைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "நான் பங்கேற்புப் பிரிவு. அளக்கிறது தொழில்நுட்பப் பிரிவு. நான் அளந்தால் அது செல்லாது."

"அப்ப இந்த அக்கா அளக்கட்டும்," என்று யூலியானாவைக் காட்டினான்.

"பயிற்சி இல்லாத ஆக்கள் எடுக்கிற அளவும் செல்லாது. வழிகாட்டிக் கையேட்டிலை கிடக்கு."

எல்லோரும் யோசித்தார்கள். வழி கண்டுபிடித்தவன் மனுவேல்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் வந்து குந்தினான். "என்னை அளவும். ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்தானே, ரெண்டு பேருக்கும் ஒரே எலும்புதான்."

மனுவேல் முப்பது வருடமாகக் கடலில் வலை இழுப்பவன். தோளில் ஆட்டுக்குட்டியைப் படுக்கவைக்கலாம். தங்கச்சியோ அவனுடைய பாதி. நிரோஜன் படித்த பொறியியல் எல்லாம் தொண்டைவரைக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாழ்பட்ட மரியாதை இருக்கிறதே, அது படித்தவனையும் விடாது. இடுப்பு அகலம், துடை நீளம், முழங்கால் உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து, "பாவனையாளர்: செல்வி அன்ரனிட்டா" என்ற தலைப்பின் கீழே எழுதிக்கொண்டான்.

யூலியானா உள்ளே போய் மிச்சத் தேங்காயைத் திருவினாள். திருவலைச் சத்தம் முன்னையைவிடப் பலமாகக் கேட்டது.

வாசிக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது. கக்கூசைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

அது வீட்டின் பின்வாசலில் இருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது. நடுவிலே மணல், மணலுக்குள் முருகைக்கல். இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு அன்ரனிட்டாவின் கால்கள் இரண்டும் வழங்காமல் போய்விட்டன. கைகள் இரும்பு மாதிரி. எட்டு வள்ளங்களின் கிழிந்த வலைகளை அந்தக் கைகள்தான் பொத்துகின்றன. சீமெந்துத் தரையில் கையை ஊன்றி எங்கும் போவாள். மணலுக்கு வந்தால்தான் ஒன்றும் முடியாது. கல்லு தோலை உரித்துவிடும்.

அதனால் காலை ஐந்தரைக்கு, மனுவேல் கடலுக்குப் போகமுன்னர் ஒருதரம். பின்னேரம் ஆறு மணிக்கு, அவன் வந்து குளித்தபின் ஒருதரம். அவனும் யூலியானாவும் பிளாஸ்ரிக் கதிரையில் அவளை இருத்தி ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போவார்கள். கதவு சாத்துவதில்லை. யூலியானா வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இடையில் உள்ள பன்னிரண்டரை மணித்தியாலமும் அன்ரனிட்டா தண்ணீர் குடிப்பதில்லை. புழுக்கம் தாங்காத நாளில் வாயைக் கொப்புளித்துத் துப்புவாள்.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர். "ஒரு கரைச்சலும் குடுக்காத பிள்ளை" என்பார்கள். கோயிலில் சுவாமிகூட ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் அவளுடைய பொறுமையை எடுத்துச் சொன்னார். பொறுமையாம். சலத்தை அடக்கிக்கொண்டிருப்பதற்கு இந்த ஊர் வைத்த பெயர் அது.

அந்த வருடம் மட்டும் மூன்றுதரம் அவளுக்குச் சலத்தில் கிருமி வந்து காய்ச்சல் காய்ந்தது. மூன்றாம்முறை டொக்டர் மனுவேலைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனி ஒருக்கா வந்தால் சிறுநீரகம் பழுதாப் போயிடும். நாளுக்கு மூண்டு லீற்றர் தண்ணி குடிக்கவேணும்." மனுவேல் தலையை ஆட்டினான். வரும் வழியில் கடையில் நிறுத்தி, தங்கச்சிக்கென்று ரோசாப் பூப் போட்ட தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் வாங்கினான். போத்தல் அலுமாரிக்கு மேலே வடிவாக இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. இருபது வருடம் ஒருநாளும் முகம் சுளிக்காமல் தூக்கியவன். ஆனால் பத்து வருடத்துக்கு முன்னர் அன்ரனிட்டா ஒரு பலகைக்குப் பெயாரிங் சில்லுப் பூட்டி, வாசல் ஒழுங்கையால் கோயிலடிவரை தனியப் போய்வந்தாள். "மனுவேலின்ரை தங்கச்சி பிச்சைக்காரி மாதிரி றோட்டிலை அரைஞ்சு திரியிறாள்" என்று இரண்டு வாய் சொல்லிற்று. அன்றைக்குப் பின்னேரமே பலகை அடுப்புக்குள் போனது. எரித்தவனே அழுதுகொண்டுதான் எரித்தான். அவளுக்கு அந்த அழுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கைகோர்ப்பு நிறுவனம் வந்திறங்கியது. மணலில் ஓடும் நாற்காலியை, அதைப் பாவிக்கப் போகிறவர்களோடு சேர்ந்தே வடிவமைக்கப் போகிறார்களாம். அன்ரனிட்டா அந்த நோட்டீசை நாலுதரம் வாசித்தாள்.

அளவெடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு செயலமர்வு சனசமூக நிலையத்தில் நடந்தது. சனசமூக நிலையத்துக்கு ஐந்து படி. "உனக்கேன் பிள்ளை வீண் அலைச்சல்" என்ற மனுவேலோடு மல்லுக்கட்டி வந்தவள், படியடியோடு நின்றுவிட்டாள். மேலே தூக்க ஆள் தேடியபோது எல்லோரும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். பூவரசு மரத்துக்குக் கீழே கதிரையோடு இறக்கிவிட்டு, "ஒலிபெருக்கியிலை எல்லாம் வடிவாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு மனுவேல் மேலே ஏறினான்.

உண்மையில் எல்லாம் வடிவாகக் கேட்டது.

முதலில் பதினொரு பேர் கொண்ட பாவனையாளர் குழு தெரிவானது. தலைவர் மனுவேல். மற்றப் பத்துப் பேரும் படியேறி வந்தவர்கள். பிறகு பிரியவதனி அனுபவப் பயிற்சி ஆரம்பித்தாள். மாதிரிக்குக் கொண்டுவந்த சக்கர நாற்காலியில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் இருக்கவேண்டும், கால் அசைக்கக் கூடாது. இருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். கூட்டுறவுக் கடை முகாமையாளர் விக்கி விக்கி அழுதார். "பத்து நிமிசமே இப்பிடியெண்டால்" என்று தொடங்கி முடிக்க முடியாமல் ஒலிவாங்கியை மற்றவரிடம் கொடுத்தார். மனுவேலும் அழுதான். எல்லோருக்கும் "இயலாமையை அனுபவித்தவர்" என்று பொன்னெழுத்தில் சான்றிதழ் கிடைத்தது. தேநீரும் பற்றிசும் வந்தன.

தேநீர் நேரம் பிரியவதனி கீழே இறங்கிவந்து, பூவரசடியில் இருந்தவளிடம் ஒரு தாளை நீட்டினாள். "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா. பார்வையாளர் எண்ட இடத்திலை."

"நான் பாவனையாளர் இல்லையோ, மிஸ்?"

"குழுவிலை இருக்கிறதெண்டால் அனுபவச் சான்றிதழ் வேணும் அக்கா."

"அதைத் தாங்கோவன்."

"பயிற்சிக்கு முன்னம் ஒரு கேள்விக்கொத்து, பின்னம் ஒரு கேள்விக்கொத்து நிரப்பவேணும். நடந்து திரிஞ்ச நேரம் எப்பிடி இருந்தது, இருந்தாப்பிறகு எப்பிடி இருந்தது எண்டு." பிரியவதனி உண்மையான கவலையோடு உதட்டைக் கடித்தாள். "உங்களுக்கு முன்னம் எண்டு ஒண்டு இல்லையே."

அன்ரனிட்டா கொஞ்சநேரம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள்போலத் தெரியவில்லை. பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள். பற்றிஸ் தந்தார்கள். தேநீர் வேண்டாம் என்றாள்.

பிறகு மேலே வடிவமைப்பு நடந்தது. வெயில் என்றபடியால் குடை பூட்டவேண்டும் என்றார் ஒருவர். ஆட்களை விலத்த மணி. தண்ணீர்ப் போத்தல் வைக்க வளையம். கோயில் திருநாளுக்குக் கொடி செருகக் குழாய். மற்றவர்களுக்குச் சமமாக இருக்கவேண்டும், அதுதான் மரியாதை என்றபடியால் இருக்கை நல்ல உயரம். எல்லாவற்றையும் நிரோஜன் எழுதினான். பிறகு கேட்டான்.

"சில்லிலை கையாலை உருட்டுற வளையம் போடுறதோ?"

"அது என்னத்துக்கு?" என்றது மனுவேலின் குரல்.

"அவவே உருட்டிக்கொண்டு தனியப் போகலாம்."

"அவள் என்னத்துக்குத் தனியப் போறது? நாங்கள் செத்தோ போனம்? தள்ளப் பின்னுக்குப் பிடி இருந்தாக் காணும்."

"வளையம் வேணும்," என்று பூவரசடியில் இருந்து அன்ரனிட்டா கூப்பிட்டுச் சொன்னாள். "நிரோஜன் தம்பி, வளையம் வேணும்."

ஒலிபெருக்கி அவளுடைய தலைக்கு நேர் மேலே கட்டியிருந்தது. ஆனாலும் மேலே யன்னலடியில் நின்ற நிரோஜனுக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவன் குனிந்து, "வளையம் தேவையில்லை, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினான்.

அடுத்தநாள் மனுவேல் கடலுக்குப் போனபின், யூலியானா முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"மச்சாள், எனக்கு நடு முதுகு போச்சு. அந்தக் கதிரையைத் தள்ளப்போறதும் நான்தான். இதை ஆரும் கேக்கினமோ?"

"நாலு மிதவை வேணும்," என்றாள் அன்ரனிட்டா. "பெரிசு. நடுவிலை ஓட்டை உள்ளது."

வலைக்குக் கட்டுகிற கெட்டிப் பிளாஸ்ரிக் குண்டைத்தான் சொன்னாள். சில்லு மெல்லிசாக இருந்தால் மணலுக்குள் தாழும். இந்தக் குண்டு தாழாது என்பது பன்னிரண்டு வயதில் இருந்து அதைக் கையில் பிடித்தவளுக்குத் தெரியும். இரண்டு இரும்புக் குழாய், ஒரு பலகை, அதற்கு மேலே பழைய மெத்தைத் துண்டு. முதல் வண்டி கவிழ்ந்து அன்ரனிட்டாவின் தாடையில் காயம் பட்டது. இரண்டாவது வலப்பக்கம் மட்டுமே போனது, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார்கள். மூன்றாவது ஓடிற்று. கைகளில் றப்பர்ச் செருப்பைக் கொழுவிக்கொண்டு மணலை உன்னி உன்னித் தள்ளினாள். கக்கூஸ் வாசல் இருபத்திரண்டு அங்குலம். வண்டி பதினெட்டு.

மிச்சம் வாசல்படிதான். யூலியானா, கதிரை தூக்க லேசு என்று மனுவேலிடம் சொல்லிவிட்டு, ஒன்றரைச் சட்டி சீமெந்து குழைத்து ஒரு சரிவு பூசினாள். கதவின் கொண்டியைக் கழற்றி, இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் அடித்தாள். வண்டி மட்டும் மனுவேலின் கண்ணில் படாமல் விறகுக்குப் பின்னால் கிடந்தது. சரிவு காய்ந்து முடிந்த அன்றைக்குத்தான் நாற்காலி வந்தது.

கையளிப்பு விழா மனுவேலின் முன்முற்றத்திலேயே பந்தல் போட்டு வைத்தார்கள். கொழும்பில் இருந்து பணிப்பாளர் ஒருவர் வந்தார். நிரோஜன் உறையை நீக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணைப் பறிக்கிற நாற்காலி. குடை, மணி, கொடிக் குழாய், போத்தல் வளையம், முதுகுப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர்.

அன்ரனிட்டாவைத் தூக்கி அதில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளையை இருத்தலாம்போல இடம் கிடந்தது. கால் எட்டவில்லை. சறுக்கிச் சறுக்கி இடுப்புப் பட்டிக்குக் கீழால் இறங்கினாள். இரண்டு தலையணை செருகிப் பார்த்தார்கள். பிறகு இறக்கிவிட்டார்கள்.

"அவவுக்குப் பழக்கம் இல்லாததாலை," என்றாள் பிரியவதனி பணிப்பாளரிடம். "குழுத் தலைவர் இருந்து காட்டுவார்."

மனுவேல் இருந்தான். தையற்காரன் அளந்து தைத்த சேட்டு மாதிரிப் பொருந்திற்று. பணிப்பாளர் திருப்தியோடு தலையை ஆட்டினார். பாதுகாப்புப் பட்டியை நிரோஜன் பூட்டினான். முதுகுப் பக்கமாகத் திறக்கிற புதுவிதப் பூட்டு, இருப்பவர் தவறுதலாகக் கழற்றிவிடாமல். இரண்டு பேர் பின்வாசலில் இருந்து கக்கூஸ் பக்கமாகத் தள்ளிக் காட்டினார்கள். இருபது அடி போனது. பிறகு மனுவேலின் பாரத்துக்கு முன்சில்லு மணலுக்குள் புதைந்தது. அந்த நேரம் பார்த்து யூலியானா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கணவாய்க் கறி. இரண்டரைக்குப் படகு. எல்லோரும் போய்விட்டார்கள்.

மனுவேல் குடைக்குக் கீழே தனியே இருந்தான். கையை எட்டிப் பார்த்தான், பூட்டு எட்டவில்லை. சில்லை உருட்டிப் பார்த்தான், பிடிக்க ஒன்றும் இல்லை. மணியை அடித்தான். பந்தலுக்குள் யாரோ "நல்ல சத்தம்" என்று பாராட்டினார்கள். காலையில் இருந்து மூன்று தேநீர் குடித்திருந்தான். வெயிலுக்கு வளையத்தில் இருந்த போத்தலையும் முடித்திருந்தான். கக்கூஸ் இருபது அடியில் இருந்தது.

பின்வாசல் திறந்தது. அன்ரனிட்டா நாலு மிதவைக்கு மேலே, இரண்டு கையிலும் செருப்போடு, மணலை உன்னிக்கொண்டு வந்தாள். மனுவேல் வாயைத் திறந்தபடி பார்த்தான். அவள் அவனைத் தாண்டுகையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள்.

"பிள்ளை," என்றான் அவன். "அந்தப் பெடியனைக் கூப்பிடு. எனக்கு அவசரம்."

"கூப்பிடுறன் அண்ணை. நான் போயிட்டு வாறன்."

"அதுவரைக்கும் ஏலாது பிள்ளை."

"ஏலும்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விசயத்தைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "கொஞ்சம் முன்னுக்குக் குனிஞ்சிருங்கோ. தண்ணியை நினையாதேங்கோ."

சரிவில் ஏறி உள்ளே போனாள். கொண்டி விழுந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. நாற்பத்தொரு வயதில் முதன்முதலாக, வெளியே எவரும் முதுகைக் காட்டி நிற்காத கக்கூசுக்குள் அன்ரனிட்டா இருந்தாள். யன்னல் துளையால் வந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இருந்தாள்.

இறங்குதுறையில் படகு கூவிற்று. பிரியவதனி ஓடிவந்து கதவைத் தட்டினாள். "அக்கா, படம் எடுக்கவேணும். பயனாளியின்ரை படம் இல்லாமல் அறிக்கை குடுக்கேலாது."

"எனக்கு நேரம் எடுக்கும், மிஸ்."

"படகு போகப்போகுது அக்கா."

"போயிட்டு வாங்கோ."

வேறு வழியில்லை. நாற்காலியில் பூட்டியபடி இருந்த மனுவேலைப் படம் எடுத்தார்கள். பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு அவன் இருந்ததைப் பார்த்துப் பணிப்பாளர் உருகிப்போனார். "இந்த உணர்ச்சிதான் எங்களுக்கு வேணும்," என்றார். அதன்பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். மனுவேல் கக்கூசடிக்கு ஓடினான், சாத்திய கதவைப் பார்த்தான், பனை வடலிப் பக்கம் திரும்பி ஓடினான்.

வண்டியை அவன் இந்தமுறை எரிக்கவில்லை. ஒரு வாரம் தங்கச்சியோடு கதைக்கவும் இல்லை. ஏழாம் நாள் அலுமாரிக்கு மேலே இருந்த போத்தலை எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

அறிக்கை வந்தது. அட்டையில் மனுவேல். "பாவனையாளரின் அளவில், பாவனையாளரின் விருப்பில்" என்று கீழே எழுதியிருந்தது. திட்டம் வெற்றி என்றபடியால் அதே அளவில் நாற்பது நாற்காலி செய்து தீவுகள் எல்லாவற்றுக்கும் அனுப்பினார்கள். ஊர்காவற்றுறையில், நயினாதீவில், மண்டைதீவில், ஒன்பது வயதுப் பிள்ளையும் எழுபது வயது மனிசியும் மனுவேலுக்குத் தைத்த நாற்காலிக்குள் தலையணை செருகிக்கொண்டு இருந்தார்கள். தள்ள ஆள் வரும்வரை மணி அடித்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் நயினாதீவில் இருந்து அன்ரனிட்டாவுக்குப் போன் வந்தது. பேசியவள் பெயர் மீனாம்பிகை. மிதவை வண்டியைப் பற்றிக் கோயில் திருவிழாவுக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்; தனக்கும் ஒன்று செய்யலாமோ என்று கேட்டாள்.

"செய்யலாம்," என்றாள் அன்ரனிட்டா. வலையை மடியில் இருந்து இறக்கி வைத்தாள். "முதல் சொல்லும், நீர் எங்கை போகவேணும்?"

அந்தப் பக்கம் போன் கைமாறிற்று. வயதான ஆம்பிளைக் குரல் ஒன்று இருமிக்கொண்டு வந்தது. "நான் தகப்பன் கதைக்கிறன் பிள்ளை. அவளுக்கு என்ன வேணுமெண்டு நான் விளக்கமாச் சொல்லுறன், எழுதும்."

"ஐயா, போனை அவவிட்டைக் குடுங்கோ."

"அவளுக்கு விளங்கச் சொல்லத் தெரியாது பிள்ளை."

"நான் வைச்சிருக்கிறன் ஐயா. எவ்வளவு நேரமெண்டாலும் வைச்சிருக்கிறன். அவவிட்டைக் குடுங்கோ."

பிறகு, கிழவனுடைய செருப்புச் சத்தம் தூரப் போனபின், அந்தப் பெண் வாயைப் போனோடு ஒட்டவைத்துச் சொன்னாள்.

"கிணத்தடிக்கு, அக்கா. நான் தனியக் குளிக்கவேணும்."